மெய்யாய் இருந்தவர்களின் படங்களும் எங்கள் அக்காவும்

எங்கள் அக்காவுக்கு இன்றைக்கு முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. வந்த உறவினருக்கும் அயலவருக்கும் கையில் கல்வெட்டு என்று ஒரு நினைவுப் புத்தகம் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். தேவாரமும் பிரிவுப் பாடல்களும் படித்தவர்கள் எழுதித் தந்து முன்பக்கங்களில் வந்திருக்கின்றன. எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல அக்காவின் மூத்த மகள், என் மருமகள், எழுதுகிறாள். புத்தகத்தில் வருகிற தமிழில்தான் எழுதுவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். சரி, ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்தபடி விடு என்று கேட்டிருக்கிறேன்.

அக்கா பிறந்தது வட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில், வயலும் புகையிலைத் தோட்டமுமாக இருந்த எங்கள் காணியில். எங்கள் தகப்பனாரை நாங்கள் அப்பு என்றுதான் கூப்பிட்டோம். அப்புவுக்கு அக்காவும் நானும் மட்டும். நான் நடை பழகுவதற்கு முன்னமே அம்மா போய்விட்டார். அக்கா அப்போது பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளை. என்னைப் பார்க்க ஆளில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அதைப்பற்றி அக்கா ஒருநாளும் குறை சொன்னதில்லை. எனக்கு அரிசிமாக்கஞ்சி காய்ச்சித் தந்து, தலைவாரி, அடித்து, அணைத்து வளர்த்தார். பிறகு என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவும் பார்த்தார். நான் மாட்டோடு வயலுக்குள் ஓடி ஒளிந்துகொள்வேன். ஆகையால் எழுத்துத் தெரியாதது என் பிழை, அக்காவின் பிழையல்ல.

பள்ளிக்கூடம் நின்றாலும் அக்காவின் கேள்வி நிற்கவில்லை. கோயிலில் புராணம் படிக்கும் காலத்தில், ஒருவர் பாட்டைப் படிக்க மற்றவர் அதற்குப் பயன் என்று பொருள் விரித்துச் சொல்லுவார். பெண்கள் ஒதுக்கமாக இருந்து கேட்பார்கள். எழுந்து கேள்வி கேட்கிற வழக்கம் இல்லை. அக்கா எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு, வரும் வழியெல்லாம் அப்புவைக் கேட்பார். அந்த அரசன் எந்த ஊர், எத்தனை பிள்ளை, அவர் காலத்தில் மிளகாய் இருந்ததா என்று வரும். அப்பு ஒருநாள் வரம்பிலேயே நின்றுவிட்டார்.

"பிள்ளை, உன்ரை கேள்விக்கு மறுமொழி சொல்ல நான் இன்னொருக்காப் பிறந்து படிக்கவேணும். இப்ப நட."

அக்காவை மணம் முடித்த அத்தான் மிக அமைதியானவர். தெற்கே, சிங்கள ஊரில் சுருட்டுக்கடை வைத்திருந்தார். கோயில் திருவிழாவுக்கும் வருசப்பிறப்புக்கும்தான் ஊருக்கு வருவார். அப்படி வந்த ஒருமுறைதான் அக்காவை யாழ்ப்பாணப் பட்டணத்துக்குப் பேசும் படம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். பெண்பிள்ளையைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போவதா என்று ஊரில் முணுமுணுத்தார்கள். நான் துணைக்குப் போனேன். அப்புதான் அனுப்பினார். புருசனோடு போகிற பெண்ணுக்கு எதற்குத் துணை என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அந்தக் காலத்தில் படம் பார்ப்பது எப்படி இருந்தது என்று இளம்பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். அடியார் ஒருவரின் படம் என்றால், வீட்டில் அன்றைக்கு மீன், இறைச்சி என்று மச்சம் காய்ச்ச மாட்டார்கள். தலை முழுகி, திருநீறு பூசி, தோய்த்த உடுப்போடுதான் போவார்கள். "படம் பார்க்கப் போறம்" என்று ஒருவரும் சொல்வதில்லை. "அடியாரைப் பார்க்கப் போறம்" என்பார்கள். கொட்டகை வாசலில் சிலர் தேங்காய் உடைப்பார்கள். உள்ளே போகும் இடத்தில் ஒரு தட்டத்தில் திருநீறு இருக்கும். சீலைத் தலைப்பில் கொஞ்சம் முடிந்துகொண்டு வந்து, படத்துக்கு வராதவர்களுக்கு வீட்டில் பூசிவிடுவார்கள். அடியார் திரையில் வந்ததும் கலரியில் இருந்தவர்கள் எழுந்து கைகூப்புவார்கள். முன்னால் இருப்பவர் எழுந்தால் பின்னால் இருப்பவருக்குப் படம் தெரியாது. அதற்காகவும் எல்லாரும் எழும்ப வேண்டியிருந்தது.

அக்காவும் கைகூப்பினார்தான். ஆனால் வரும் வழியில், பஸ்ஸில், அத்தானைப் பிடித்துக்கொண்டார்.

"உந்த ஆள் மெய்யாய் இருந்தவரோ, கதையோ?"

"மெய்யாய் இருந்தவர்தான்."

"அப்ப எந்தக் கிணத்திலை தண்ணி குடிச்சவர்? அந்தக் கிணறு இப்பவும் இருக்கோ?"

அத்தான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "சுருட்டைப் பற்றிக் கேளும், சொல்லுறன்" என்றார்.

அன்றிலிருந்து அக்காவுக்கு மெய்யாய் வாழ்ந்தவர்களின் படங்கள் என்றால் போதும். சாமிகளின் படங்களுக்கும் போவார். ஆனால் அவை வேறு என்று சொல்வார். "சாமி படத்துக்குக் கும்பிடப் போறது. ஆக்களின்ரை படத்துக்குக் கேக்கப் போறது." பறங்கியோடு சண்டை பிடித்த அரசன் ஒருவனின் படம் வந்தபோது நாங்கள் இரண்டுமுறை போனோம். இரண்டாம் முறை, அரசன் வாளை உயர்த்திக் கர்ச்சித்த இடத்தில், கொட்டகையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, அக்கா என் முழங்கையில் இடித்தார்.

"தம்பி, ராசாவின்ரை மேற்கையைப் பார். அம்மைப்பால் குத்தின தழும்பு."

பார்த்தேன். இரண்டு வட்டத் தழும்பு நன்றாகத் தெரிந்தது. நான் சிரித்துவிட்டேன். பக்கத்திலிருந்தவர் திரும்பி முறைத்தார். அக்கா சிரிக்கவில்லை. "சிரிக்க என்ன இருக்கு? உவர் நடிக்கிற ஆள். அரசன் வேறை. உவரைப் பாத்து அரசனை யோசிக்கவேணும்" என்றார். ஹிந்திப் பாஷையில் ஒரு பாதுஷாவின் படமும் வந்தது. ஒரு சொல்லும் எங்களுக்கு விளங்கவில்லை. பாதுஷா மாம்பழம் சாப்பிடுகிற இடம் ஒன்று இருந்தது. அதை வெட்டிக் கொடுத்தது மனைவியா, வேலையாளா, அவன் நஞ்சு வைத்திருந்தால் என்ன செய்வார் என்று அக்கா பல மாதம் யோசித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு அம்பலவி மாங்காயை வெட்டும்போதெல்லாம் அந்தக் கதை வரும். அக்காவின் அம்பலவி மாங்காய்க் கறியைச் சாப்பிட்டவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். அதில் தேங்காய்ப்பால் கடைசியில்தான் விடுவார். இதைச் சொல்லப்போனால் நான் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன் என்று மருமகள் பேனையைக் கீழே வைக்கிறாள்.

சொல்ல வந்தது இரண்டாம் உலகச் சண்டைக் காலத்து நிகழ்ச்சி. அரிசி கூப்பனுக்குக் கிடைத்த காலம். அந்த வருசம் பட்டணத்துக்கு வந்த படம், சூலைநோயால் துடித்த அடியார் ஒருவரைப் பற்றியது. அறுபத்து மூவரில் ஒருவர். பெயர் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். அவர் வயிற்று வலியால் உருண்டு வருவார். தமக்கை திருநீறு எடுத்துக் கொடுப்பார். அவர் பாடத் தொடங்குவார். பாட்டு முடியும்போது நோய் இல்லை. கொட்டகையில் அழாத ஆள் இல்லை. எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், இருந்த பெண்கள் எல்லாரும் ஒன்றாக வண்டில் பிடித்துப் போனார்கள். எங்கள் பெரியம்மா, அம்மாவின் தமக்கை, மூன்றுமுறை போனார். தம்பிமார் உள்ள பெண்கள் எல்லாருக்கும் அந்தப் படத்துக்குப் பிறகு ஒரு மிடுக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்த தை மாதத்தில், நான் கிணற்றுத் துலாவில் ஏறி மிதித்துக்கொண்டிருந்தேன். அப்பு கீழே நின்று பட்டையைப் பிடித்துப் புகையிலைக்கு இறைத்தார். எனக்கு மீசை வந்து, பெண் பேசத் தொடங்கியிருந்த வயது. திடீரென்று தொப்புளுக்குக் கிட்ட ஒரு குத்து. துலாவிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. மத்தியானம் குத்து வலதுபக்கம் இறங்கியது. சத்தி எடுத்தேன். நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியார் வந்து குளிசை உரைத்துக் கொடுத்தார். அடுத்த நாள் காலையில் காய்ச்சலும் வந்து, காலை நீட்ட முடியாமல் சுருண்டு கிடந்தேன். பரியாரியார் திரும்ப வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மருந்துப் பெட்டியைத் திறக்கவில்லை.

"இது என்ரை மருந்துக்குக் கேக்கிற வருத்தமில்லை. மானிப்பாய் மிஷன் ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கோ. சுணங்கினால் பெடியன் தப்பமாட்டான்."

அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

அப்பு வாசலில் குந்திவிட்டார். "அங்கை கத்தி வைப்பினம். வயித்தைக் கீறினால் ஆள் என்னெண்டு மிஞ்சும்?" என்றார். அதற்குள் பெரியம்மா வந்துவிட்டார். ஒழுங்கைப் பெண்களும் பின்னால் வந்தார்கள். பெரியம்மா சீலைத் தலைப்பை அவிழ்த்தார். உள்ளே திருநீறு.

"கத்தியும் வேண்டாம், வேதக்காரரின்ரை ஆசுபத்திரியும் வேண்டாம். நாங்கள் எல்லாரும் கண்ணாலை பாத்தனாங்கள்தானே? தமக்கை குடுக்கத் தம்பிக்கு மாறினது. அதே வயித்துக்குத்து. இவளும் தமக்கை. பிள்ளை, நீ போய்த் தலை முழுகிப்போட்டு வந்து, உன்ரை கையாலை குடு."

அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அக்கா முழுகிவிட்டு ஈரத் தலையோடு வந்தார். எல்லாரும் வழிவிட்டார்கள். எனக்கும், உண்மையைச் சொன்னால், சுகம் வந்துவிடும் என்ற நம்பிக்கை இருந்தது. அந்த வலியில் யார் எதைச் சொன்னாலும் நம்பியிருப்பேன். அக்கா பெரியம்மாவின் கையைப் பார்த்தார்.

"பெரியம்மா, உது கோயில் திருநீறோ, கொட்டகைத் திருநீறோ?"

"கொட்டகையிலை எடுத்தது. அதுக்கென்ன? அடியாரின்ரை முன்னாலை இருந்ததுதானே."

அக்கா அதை வாங்கவில்லை. "படத்திலை ஒரு பாட்டுக்குள்ளை மாறிச்சுது. மெய்யாய் இருந்த ஆளுக்கு எப்பிடி மாறினது? அவர் எவ்வளவு நாள் கிடந்தவர்? முதல் என்ன செய்து பாத்தவை?" என்று கேட்டார்.

பெண்கள் பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆருக்கும் தெரியாதோ? அப்ப நான் கேட்டுக்கொண்டு வாறன்."

பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தம்பி இஞ்சை துடிக்கிறான், உனக்கு இப்பவும் கேள்வியோ? விசரே உனக்கு?" அக்கா அதற்குள் வேலியில் ஆள் நுழைகிற அளவு இடைவெளியாக இருந்த பொட்டுக்குள்ளால் புகுந்து வயலில் ஓடினார். எனக்கு அழுகை வந்தது. அக்கா என்னை விட்டுவிட்டுப் போகிறார் என்று நினைத்தேன்.

ஓடிப்போனது சட்டம்பியார் வீட்டுக்கு. எங்கள் கோயிலில் புராணத்துக்குப் பயன் சொல்கிறவர் அவர்தான். அங்கே நடந்ததை அக்கா பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார். சட்டம்பியார் அப்போது உடம்பெல்லாம் நல்லெண்ணெய் பூசி, வெறும் கோவணத்தோடு வெயிலில் நின்றிருக்கிறார். பெண்பிள்ளை ஓடிவருவதைக் கண்டு கதவுக்குப் பின்னால் பாய்ந்துவிட்டார். அங்கே நின்றபடிதான் மறுமொழி சொன்னாராம்.

"சட்டம்பியார், அந்த அடியாருக்குச் சூலை வந்தது மெய்யோ?"

"மெய்தான் பிள்ளை. ஏன்?"

"வந்த உடனை தமக்கையட்டைப் போனவரோ?"

"இல்லை. அவர் அப்ப வேறை சமயத்திலை, மடத்திலை இருந்தவர். மடத்து ஆக்கள் தங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் செய்து பாத்தவை. ஏலாமல் போன பிறகுதான் தமக்கையைத் தேடினவர்."

"அப்ப முதல் தெரிஞ்ச ஆக்களட்டைக் காட்டியிருக்கு. காட்டினது குற்றமெண்டு புராணத்திலை இருக்கோ?"

கதவுக்குப் பின்னாலிருந்து, "அப்பிடி எங்கையும் சொல்லேல்லை" என்று வந்தது.

"படத்திலை உதைக் காட்டேல்லையே."

"படக்காரருக்கு நேரம் காணாது பிள்ளை. பாட்டும் வைக்கவேணுமே."

"இன்னுமொண்டு. தமக்கை திருநீறு குடுத்துப்போட்டு வீட்டிலை இருந்தவவோ?"

"சீச்சீ. கையோடை கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனவ. அவதான் கூட்டிக்கொண்டு போனவ. அது சரி, ஆருக்கு வருத்தம்?"

"தம்பிக்கு. உதே வயித்துக்குத்து."

அதைக் கேட்டதும் சட்டம்பியார் எண்ணெயும் கோவணமுமாக வெளியே வந்துவிட்டாராம். "அறிவுகெட்டவளே, அப்ப இஞ்சை நிண்டு என்ன புராணம் கேக்கிறாய்? ஓடு, ஆசுபத்திரிக்குக் கொண்டுபோ" என்று வயல்வரை பின்னால் வந்து கத்தியிருக்கிறார்.

அக்கா திரும்பி வந்து, எங்கள் சாமி அறையிலிருந்த திருநீற்றை எடுத்து என் நெற்றியில் மூன்று குறியாகப் பூசினார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வலி அப்படியே இருந்தது. அக்கா அதற்குக் காத்திருக்கவில்லை.

"அப்பு, வண்டிலைப் பூட்டுங்கோ."

"கத்தி வைக்கவோ?"

"அது அவை பாத்துச் சொல்லட்டும். வண்டிலைப் பூட்டுங்கோ."

"திருநீறு குடுத்துப்போட்டு ஆசுபத்திரிக்குப் போறியோ? நம்பிக்கை இல்லாதவள் எண்டு நாலுபேர் சொல்லாயினமே?" என்று பெரியம்மா கேட்டார்.

"அந்தத் தமக்கையும் வீட்டிலை இருக்கேல்லையாம், பெரியம்மா. கூட்டிக்கொண்டு போனவவாம். சட்டம்பியாரைக் கேளுங்கோ. நான் கூட்டிக்கொண்டு போறன்."

அப்பு எழும்பவில்லை. அக்கா தானே போய் மாட்டை அவிழ்த்தார். பெண்பிள்ளை மாட்டை நுகத்தில் பூட்டுவதை ஊர் பார்த்துக்கொண்டு நிற்க, அப்புவுக்குப் பொறுக்கவில்லை. வந்து கயிற்றை வாங்கினார். எங்கள் மாடுகள் இரண்டில் இடப்பக்கத்து மாடு கொஞ்சம் சண்டித்தனமானது. அன்றைக்கு அதுவும் ஒன்றும் செய்யவில்லை.

மானிப்பாய்க்குப் போன அந்த வழியில் எத்தனை குழி இருந்தது என்பது என் வயிற்றுக்குத் தெரியும். அக்கா வைக்கோல் பரப்பி, என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வழி முழுக்கக் கதைத்தபடி வந்தார். அடியார் அந்த நோயோடு எவ்வளவு தூரம் வந்திருப்பார், அந்தக் காலத்தில் வண்டில் இருந்திருக்குமா, நடந்தா வந்தார், யார் பிடித்துக்கொண்டு வந்தது என்று ஒன்றுக்குப் பின் ஒன்று.

"அக்கா, கொஞ்சம் பேசாமல் வாங்கோவன்" என்றேன்.

"நீ மறுமொழி சொல்லாதை. கேட்டுக்கொண்டு மட்டும் வா. கண்ணை மூடாதை" என்றார்.

ஆசுபத்திரியில் ஒரு நேர்சம்மா என்னைத் துடைக்க வந்தார். அக்கா குறுக்கே நின்றார்.

"நெத்தியை அழிக்கவேண்டாம்."

"எங்களுக்கு அங்கை வேலையில்லை, தங்கச்சி. வயிறுதான் வேணும்" என்று நேர்சம்மா சிரித்தார். அந்தச் சிரிப்போடு அப்புவின் பயமும் பாதி போனது. திருநீற்றுக் குறியோடுதான் என்னை உள்ளே கொண்டுபோனார்கள்.

நான் கண் விழித்தபோது அப்பு என் காலடியில் நின்று அழுதுகொண்டிருந்தார். அக்கா அங்கே இல்லை. டொக்குத்தரிடம் போய், உள்ளேயிருந்து எடுத்ததைக் காட்டும்படி கேட்டுக்கொண்டு நின்றாராம். அவர் பொறுமையான மனிதர். கண்ணாடிப் போத்தலில் காட்டியிருக்கிறார். விரல் பருமனில், பழுத்துக் கறுத்து, வெடிக்கிற நிலையில் இருந்ததாம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் தன்னாலும் ஒன்றும் செய்ய ஏலாது என்று சொன்னாராம்.

"அந்த அடியாருக்கும் இதுவாய்த்தான் இருந்திருக்குமோ?" என்று அக்கா கேட்டாராம்.

"ஆளைப் பாக்காமல் வருத்தம் சொல்லப்படாது, பிள்ளை" என்றாராம் டொக்குத்தர். அந்த மறுமொழி அக்காவுக்கு மிகவும் பிடித்திருந்தது. சாகும்வரைக்கும் பிடித்திருந்தது.

ஊருக்கு வந்த பிறகு, திருநீற்றால் தப்பினேன் என்று பெரியம்மாவும், கத்தியால் தப்பினேன் என்று பரியாரியாரும் கோயில் வாசலில் வாதாடினார்கள். அக்காவிடம் கேட்டபோது, "இரண்டும் ஒரு வண்டிலிலைதான் போனது. எது செய்ததெண்டு எனக்குத் தெரியாது. ஆராவது தெரிஞ்சால் சொல்லுங்கோ, எனக்கும் அறிய ஆசை" என்றார்.

அதன்பின் அக்கா பட்ட துன்பங்கள் உங்களில் பலருக்குத் தெரியும். அத்தான் கடை வைத்திருந்த ஊரிலேயே காய்ச்சலில் போய்விட்டார். அக்கா தென்னோலையில் கிடுகு பின்னியும் புகையிலைக் கன்று வளர்த்து விற்றும் மூன்று பிள்ளைகளையும் படிப்பித்தார். தன் துயரத்தைப் பற்றிக் கதைக்க மாட்டார். வந்தவரின் கதையைக் கேட்பார். அவரோடு கதைத்துவிட்டுப் போனவர்களுக்குத் தங்கள் வாழ்க்கையே ஒரு படத்துக்குப் போதும் போலத் தோன்றும்.

கடைசி மாரி மழைக் காலத்தில் படுக்கையில் விழுந்தார். நினைவு தெளிவாக இருந்தது. ஒரு பின்னேரம் நான் பக்கத்தில் இருந்தேன்.

"தம்பி, அங்கை போனால் அந்தத் தமக்கையைக் கண்டு ஒரு விசயம் கேக்கவேணும்."

"எந்தத் தமக்கை?"

"அடியாரின்ரை தமக்கை. புராணத்திலையும் இல்லை, படத்திலையும் இல்லை. சட்டம்பியாருக்கும் தெரியாது."

"என்ன விசயம், அக்கா?"

"தம்பியைக் கூட்டிக்கொண்டு போகேக்கை அவ பயந்தவவோ எண்டு."

அந்த வண்டிலில் அக்கா அத்தனை கேள்வி கேட்டுக்கொண்டு வந்தது ஏன் என்பது, இத்தனை காலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அதற்கு அடுத்த கிழமை அக்கா போய்விட்டார்.

அக்கா படுக்கையில் இருந்தபோது இரவு பகல் பாராமல் பார்த்த பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும், பந்தல் போட்ட அயல் இளைஞருக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், தூர இடங்களிலிருந்து வந்து துக்கம் கேட்டவர்களுக்கும், இன்று எங்களோடு இருந்து சாப்பிடப்போகிற உங்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள். பந்தியில் பரிமாறப்போகிற பெடியள் என் பேரப்பிள்ளைகள். வாசலில் நின்று இந்தக் கல்வெட்டை உங்கள் கையில் தந்த பெண்கள் என் மகள்மார். அன்றைக்கு அக்கா வேலிப்பொட்டால் புகுந்து ஓடியிராவிட்டால், இவர்களில் ஒருவரும் இல்லை. அவர்களின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.